அவள் வாசலில் நாம் உட்கார வேண்டாம்

புதுச்சேரி மூலக்குளம் வட்டாரத்துக் கடன் குழுப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாக்களே, அக்காக்களே, தங்கைகளே,

மூலக்குளத்திலும் பக்கத்தில் ரெட்டியார்பாளையம், அரும்பார்த்தபுரம் தெருக்களிலும் குழு லோன் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். ஒரே ஒரு வேண்டுகோளுக்காகத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழுவில் ஒருத்தியால் டியூ, அதாவது கடன் தவணை, கட்ட முடியாமல் போனால், கூட்டமாகப் போய் அவள் வாசலில் உட்காராதீர்கள். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். லோன் கார்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசியுங்கள்.

நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். சென்டர் என்று நாம் சொல்லும் வசூல் கூட்டம் நடக்கும் வீட்டில் எல்லோரும் பணத்தோடு வந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் வந்திருக்க மாட்டாள். போன் போட்டால் எடுக்க மாட்டாள். "அவங்க பணம் வந்தாதான் நான் கிளம்புவேன். நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்று கலெக்‌ஷனுக்கு வந்த தம்பி சொல்வார். வேலைக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலும், நமக்கு அடுத்த லோன் நின்றுபோகுமோ என்ற பயமும் சேர்ந்து நம்மை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். நேற்றுவரை அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்கள், தெருவே கேட்கும்படி அவளைப் பேசுவோம். கடன் கொடுத்த கம்பெனியின் ஆள் ஒரு சொல்லும் தப்பாகப் பேசியிருக்க மாட்டார். அவர் பேசக் கூடாததையெல்லாம் நாம் பேசி முடித்திருப்போம்.

நானும் குழுவில் கடன் வாங்கிக் கட்டியவள். அந்த எரிச்சலும் பயமும் எனக்குத் தெரியும். அதனால் உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் தேவையற்றது என்பதைக் கணக்கோடும் சட்டத்தோடும் சொல்லவே எழுதுகிறேன்.

முதலில், அவளால் ஏன் கட்ட முடியவில்லை என்று பாருங்கள். ஊதாரித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நம் ஊரில் மாதம் பிறந்தால் சம்பளம் என்றிருந்த வீடுகள் எப்படிக் குறைந்தன என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்? 1898-இல் தொடங்கி மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-இல் மூடப்பட்டது. அரசு நிறுவனங்களான பாப்ஸ்கோ, பாசிக் ஊழியர்கள் மாதக்கணக்கில் நின்றுபோன சம்பளத்துக்காகப் போராடியது ஊரறிந்த விஷயம். அந்த வீடுகளில் பெண்கள் தையலுக்கும், வீட்டு வேலைக்கும், மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் தினக்கூலிக்கும் போனார்கள். தினக்கூலி, மழை பெய்தால் நின்றுவிடும். டியூ நிற்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தண்ணீர் வடிவதற்கு முன்பே டியூ நாள் வந்துவிட்ட வீடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 5,000 ரூபாய் பல வீடுகளில் அரிசியாக மாறவில்லை, டியூவாகத்தான் போனது.

இன்னொரு காரணமும் உண்டு. அது அவள் வீட்டில் தொடங்கியதல்ல, கடன் கொடுத்த இடத்தில் தொடங்கியது. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் விதிகள் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்ட வேண்டிய தொகை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கடன் கொடுக்க வேண்டும். பார்ப்பது கொடுப்பவரின் பொறுப்பு.

ஒரு வீட்டு வருமானம் மாதம் 15,000 என்று வையுங்கள். பாதி என்றால் 7,500. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியில், இரண்டு வருடத்தில் கட்டும்படி 50,000 வாங்கினால் மாத டியூ சுமார் 2,644 ரூபாய். இரண்டு கடன் இருந்தால் 5,288. அந்த வீடு எப்படியோ சமாளிக்கும். மூன்றாவதும் வந்தால் 7,932. விதிப்படி அந்த மூன்றாவது கடனைக் கொடுத்திருக்கவே கூடாது. வருமானத்தைக் கூட்டி எழுதி அதைக் கொடுத்தவர் யார், எழுதச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. வாங்கியவளை மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்கிறோம். அவளுக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொறுப்பு அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதல்ல.

நாம் வாசலில் உட்காருவதால் நடக்கும் உண்மையான கேடு அவமானத்தோடு முடிந்துவிடுவதில்லை. நம்மை எழுப்பி அனுப்புவதற்காக அவள் அன்று மாலையே தண்டல்காரரிடம் ஓடுகிறாள். 10,000 என்று பேர் சொல்லி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார் என்றால், அதன் வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று போனால் சொல்லவே வேண்டாம். இதற்குப் பதில் அந்த ஒரு டியூ ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்? தாமதக் கட்டணத்தை, கட்டாமல் நின்ற தொகைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது என்பது விதி. மாதம் 2 விழுக்காடு போட்டால்கூட 2,644 ரூபாய்க்கு 53 ரூபாய். அந்தத் தாமதக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தனியாக உத்தரவு போட்டிருக்கிறது. தள்ளிப்போன நாட்களுக்கான வட்டியும் சேரும்தான். அதையும் சேர்த்தாலும் தண்டலுக்குப் பக்கத்தில் வராது. கம்பெனிக்கு ஒரு டியூ தவறாமல் வந்துவிட வேண்டும் என்பதற்காக, அவள் குடும்பத்தை அதைவிடப் பெரிய குழியில் நாம் தள்ளுகிறோம். அடுத்த மாதம் கம்பெனி டியூவும் நிற்கும், தண்டலும் நிற்கும். அன்றைக்கும் நாம்தான் வாசலில் உட்கார வேண்டியிருக்கும்.

"அவ கட்டலைன்னா நம்ம மேலதானே வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழுவில் கையெழுத்துப் போடும்போது ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று எழுதித்தான் வாங்குகிறார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பொறுப்பு என்று எழுதியிருந்தாலும், அதை வைத்துக் கம்பெனி செய்யக்கூடியது நீதிமன்றத்துக்குப் போவதுதான். சென்டரில் நம்மை மணிக்கணக்கில் உட்கார வைக்கவோ, அவள் வீட்டைப் பூட்டவோ, மிக்சியையும் கேஸ் அடுப்பையும் தூக்கவோ அந்தத் தாள் யாருக்கும் அதிகாரம் தரவில்லை. கடன் தகவல் நிறுவனங்களில் குழுக் கடனும் ஒவ்வொருத்தி பேரிலும் தனித்தனியாகத்தான் பதிவாகிறது. நீங்கள் ஒழுங்காகக் கட்டியது உங்கள் பேரில்தான் நிற்கும். "சிபில் போயிடும்" என்று மிரட்டினால், ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை ஒவ்வொரு தகவல் நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கிப் பாருங்கள். பயம் தெளியும்.

நீதிமன்றம் என்றதும் ஜெயில் நினைவுக்கு வருகிறது. அதையும் தெளிவாகச் சொல்கிறேன். கடனை அடைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்தாலும், அந்தப் பணத்துக்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்க உத்தரவிடக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு. ஆண்களையும், கையில் பணம் இல்லாத காரணத்துக்காக மட்டும் உள்ளே தள்ள முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, நீதிமன்றமே ஜப்தி செய்ய உத்தரவிட்டாலும் எவற்றைத் தொடக் கூடாது என்று பட்டியல் போடுகிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. அதாவது தாலி. நீதிமன்றமே தொடக் கூடாத தாலியை, "அடகு வச்சாவது கட்டு" என்று நம் வாயால் சொல்லலாமா?

ஆனால் காசோலையை மட்டும் இதிலிருந்து பிரித்துப் பாருங்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காக மாறும்; இரண்டு ஆண்டுவரை தண்டனை உண்டு. காசோலை திரும்பியதற்கு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் அதை அலமாரியில் போட்டு மூடக் கூடாது. அது கைக்கு வந்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம்.

இனி வசூலுக்கு வருகிறவர்கள். பணம் எங்கே கட்டுவது என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். கடன் வாங்கியவர் அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வசூலுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். நுண்கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. ஓயாமல் அழைக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல் கூடாது. கட்டாதவர் பேரை ஊரறிய வெளியிடக் கூடாது. உறவினர், நண்பர், கூட வேலை செய்பவர் ஆகியோரைத் தொந்தரவு செய்யக் கூடாது. வசூலை வெளி ஆளிடம் விட்டிருந்தாலும் அவர் செய்வதற்குக் கம்பெனியே பொறுப்பு. இவையெல்லாம் ரிசர்வ் வங்கி எழுத்தில் போட்டவை. இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, ஒரு வாசலில் நாம் செய்வதை நினைத்துப் பாருங்கள். கம்பெனிக்கு விதி மறுத்த ஒவ்வொன்றையும் நம் கையால் செய்யவைத்திருக்கிறார்கள்.

2025-இல் தமிழ்நாடு கட்டாய வசூலுக்கு எதிராகக் கடுமையான ஒரு சட்டம் கொண்டுவந்தது. விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலம் போனால் அது செல்லும். மாநிலச் சட்டம் என்பதால் மூலக்குளத்தில் செல்லாது. ஆனால் மேலே சொன்ன ரிசர்வ் வங்கி விதிகளும் நடைமுறைச் சட்டமும் இரண்டு ஊருக்கும் பொது. "பாண்டிச்சேரியில அதெல்லாம் கிடையாது" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

முதல் வேலை, அவளுக்கு இருக்கும் எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுவது. கம்பெனி, வங்கி, நகைக் கடை, சீட்டு, கைமாத்து, தண்டல் என்று ஒன்றையும் விடாமல். பல பெண்கள் இதை வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதி முடித்தாலே மூச்சு கொஞ்சம் சீராகும். வாடகை, அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் போக மீதி எவ்வளவு என்று அடியில் எழுதுங்கள். அவளால் உண்மையில் கட்ட முடிந்த தொகை அதுதான். அதற்கு மேல் ஒப்புக்கொள்ளச் சொல்லி அவளை நெருக்கக் கூடாது.

இரண்டாவது, டியூ நாளுக்கு முன்பே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது. கட்ட முடியாமல் திணறுகிறவர்களை அடையாளம் கண்டு, பேசி, வழி காட்ட ஓர் ஏற்பாடு ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பதும் விதி. எனவே இன்ன காரணத்தால் இந்த மாதம் முழுத் தொகை கட்ட முடியவில்லை, இவ்வளவு கட்டுகிறேன், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கொடுங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் கட்டாமல் 90 நாள் தாண்டினால் அது வராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பு போனால் பேசுவதற்கு இடம் அதிகம். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் லோன் கார்டில் பதிவும் கேளுங்கள். பழைய பாக்கியை மூட இன்னொரு கம்பெனியில் புது லோன் எடுத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நுண்கடன் நிறுவனங்களின் சங்கமான எம்ஃபின் கூட, ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு வரம்பு கட்டியது.

மூன்றாவது, புகார். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. எப்படி எழுதுவது என்று கேட்க 14448. வழக்கு, நோட்டீஸ் என்று வந்தால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987 சட்டத்தில் இருக்கிறது. மிரட்டல், கைகலப்பு என்றால் உடனே 112. வசூலுக்கு வரும் தம்பியோடு சண்டை வேண்டாம். அவருக்கும் மேலிடத்து டார்கெட் கழுத்தில் இருக்கிறது. சண்டை அவரை அனுப்புகிற இடத்தோடு, தாளில்.

இது கடனைக் கட்ட வேண்டாம் என்ற மடல் அல்ல. ஒட்டுமொத்தமாகக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறோம். 2010-இல் ஆந்திராவில் வசூல் கொடுமையும் தற்கொலைகளும் பெருகி, அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் ஏறக்குறைய நின்றது. கூடவே ஏழை வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த கடனும் வற்றியது. இலங்கையில் 2018-இல், வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு ஏற்றுக்கொண்டது. அப்படியும் தீரவில்லை. 2021-இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பெண்கள் ஒருவர் வாசலில் ஒருவர் உட்காரவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து, கடன் கொடுத்தவரையும் அரசையும் பார்த்துக் கேட்டார்கள். அங்கிருந்து நாம் கற்க வேண்டியது அது. கட்ட முடிகிற வேகத்தில் கட்டுவோம். அந்த வேகத்தைத் தீர்மானிக்கும் பேச்சில் நமக்கும் இடம் கேட்போம்.

சென்டர் லீடராக இருக்கும் அக்காக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் சொல்லுக்குத்தான் குழு கட்டுப்படும். நீங்கள் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். நீங்கள் அவள் வீட்டை நோக்கி நடந்தால் எல்லோரும் நடப்பார்கள். "வந்தவங்க டியூவை வாங்கிக்கிட்டு ரசீது குடுங்க தம்பி. வராதவங்க விஷயத்தை நாங்க பேசிட்டு எழுதித் தர்றோம்" என்று நீங்கள் நிதானமாகச் சொன்னால் போதும். அதற்கு மேல் குழுவை உட்கார வைக்க யாருக்கும் உரிமையில்லை. நீங்கள் லீடர் ஆனது குழுவுக்காக. கம்பெனிக்கு வசூல் ஆளாக அல்ல.

கடைசியாக, மனசில் கிடந்து அழுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, உயிரை விட்டது. கடன்பட்டவரை விழுங்குவது தொகை மட்டுமல்ல. இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்ற எண்ணமும் சேர்ந்துதான் விழுங்குகிறது. தொகையைக் குறைக்க நம்மால் முடியாமல் போகலாம். அந்த எண்ணத்தை உண்டாக்காமல் இருக்க நம்மால் முடியும். குழுவில் யாராவது பேச்சைக் குறைத்துக்கொண்டால், வெளியே வராமல் ஒதுங்கினால், "நான் போய்ட்டா எல்லாம் சரியாயிடும்" என்பதுபோல் ஏதாவது சொன்னால், தனியாக விடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கூட இருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

அடுத்த சென்டர் கூடும் நாளில், டியூ எண்ணுவதற்கு முன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலை ஒருவர் வாசியுங்கள். பிறகு நான்கு விஷயங்களை நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருத்தி வீட்டு வாசலுக்குக் கூட்டமாகப் போக மாட்டோம். கட்ட முடியாது என்று தெரிந்ததும் முதலில் குழுவிடம் சொல்வோம். சொன்னவளை ஏச மாட்டோம். அவளுக்காகக் கம்பெனிக்கு எழுதும் மனுவில் குழுவில் உள்ள ஐந்து பேரும் கையெழுத்திட்டு, கூட இரண்டு பேர் கிளைக்குப் போவோம். கடனுக்குப் பொறுப்பு என்று ஐந்து பேராகக் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். இதற்கும் அப்படியே போடுவோம்.

அன்புடன்,
மூலக்குளத்தில் உங்களோடு வாழும் ஒருத்தி